ஓர்கன் அக்காவும் யன்னலடிக் கதிரையும்

ஒவ்வொரு பாட்டையும் தொடங்குவதற்கு முன் ஓர்கன் அக்கா என்னைத் திரும்பிப் பார்ப்பார். சிரிப்பதற்காகவோ உத்தரவு கேட்பதற்காகவோ அல்ல. நான் இடத்தில் இருக்கிறேனா என்று பார்ப்பார். இருந்தால் இரண்டு காலும் மிதிபலகையில் இறங்கும், ஓர்கனுக்குள் காற்று நிறையும், பாட்டுத் தொடங்கும். இத்தனை வருஷம் கழிந்த பிறகும் கோயிலில் யாராவது திரும்பிப் பார்த்தால் என் உள்ளங்கை வேர்க்கிறது.

எங்கள் கோயில் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் நடுவே கிடந்த மணல் திட்டில் இருந்தது. வாசல் கடலைப் பார்த்திருக்கும். பீடத்துக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் வாவி. சபை சிறியது. மீன்பிடிக்கிறவர்கள், கூட்டுறவுக் கடையில் நின்றவர்கள், இரண்டு மூன்று ஆசிரியர்கள். நான் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன், எல்லாருக்கும் 'சேர்', சபைக்குச் செயலாளர். அக்கா தபால் கந்தோரில் வேலை செய்தவர். கல்யாணம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர்கன் வாசித்துப் பாட்டு நடத்துவார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மூத்தவர்களுக்கும் அவர் ஓர்கன் அக்காதான். என்னை விட ஐந்தாறு வயது இளையவர், நானும் அக்கா என்றே கூப்பிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் பாடகர் குழுவுக்குப் பயிற்சி. அந்த நேரம் கோயில் பக்கம் போனால் பாட்டை விட ஏச்சுத்தான் அதிகம் கேட்கும்.

"வலை இழுக்கக்குள்ளயும் இப்பிடித்தான் மூச்சு விடுவீங்களோ? மீனெல்லாம் சிரிச்சுப்போட்டுப் போயிடும்."

"வாயத் திற மனே. உண்ட பல்லு வடிவெண்டு ஊருக்குத் தெரியட்டும்."

கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடுகிற ஒருவர் குழுவில் இருந்தார். அவரைக் கண்டாலே அக்காவுக்குப் பிடிக்காது. "கண்ணத் திறங்க. கர்த்தர் எங்கயும் ஓடமாட்டார். நீங்கதான் பல்லவிய விட்டுப்போட்டு எங்கயோ போறீங்க" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விளையாட்டாகக் கூட விட்டுக்கொடுக்கமாட்டார். தொடங்கிய பாட்டு முடிய வேண்டும். பயிற்சியில் பிழை வந்தால் நடுவில் நிறுத்தமாட்டார், கடைசிவரை கொண்டுபோய் முடித்துவிட்டுத்தான் ஏசுவார். மழை ஒழுகினாலும், பீடத்துத் திரை கழன்று விழுந்தாலும், ஒரு தடவை போதகர் ஐயாவுக்குத் தலைசுற்றி நாங்கள் இரண்டுபேர் அவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தியபோதும் பாட்டு நிற்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "நடுவில நிண்ட பாட்டு எங்க சேர் போய்ச் சேரும்?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நான் புத்தகம் படித்தவன். ஆராதனை என்பது உள்ளத்திலிருந்து வர வேண்டும், பயிற்சியிலிருந்து அல்ல என்று மேற்கோளோடு சொல்லக்கூடியவன். என் ஜெபங்கள் நீளமானவை. ஜெபிக்கும்போது எனக்குக் கண்ணீர் வரும், கேட்கிறவர்களுக்கும் வரும். அந்தக் கண்ணீரை நான் என் உண்மைக்குச் சாட்சியாக வைத்திருந்தேன்.

"உங்கட பாட்டுச் சுத்தமா இருக்கு அக்கா. ஆனா உள்ளம் எங்க?" என்று ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்.

"உள்ளத்த நான் எப்பிடிச் சேர் திருத்துற? சுருதியத் திருத்தலாம். ஏலுமானதச் செய்யிறன்" என்றார். குழுவில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கனகாலம் மறக்கவில்லை.

யுத்த காலத்தில் ஒரு ஞாயிறு, பாட்டு நடுவில் இருக்கும்போது படையினர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். தெருவில் ஓட்டச் சத்தம், நாய்கள், அதட்டல். ஆண் குரலில் பாடிக்கொண்டிருந்த ஒரு இளைஞன் பின் கதவைப் பார்த்து எழுந்தான். அக்கா வாசிப்பை விடாமலே தலையைத் திருப்பி, "இருந்து பாடு" என்று ஒரு சொல் சொன்னார். அவன் இருந்தான். துவக்கோடு இரண்டுபேர் வாசலில் வந்து நின்றார்கள். அக்கா கடைசிச் சரணத்தை முடித்தார், மூச்சு விடாமல் முதல் சரணத்துக்குத் திரும்பினார். எத்தனை தடவை அந்தப் பாட்டைச் சுற்றிச் சுற்றிப் பாடினோம் என்று தெரியாது. வாசலில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் கேட்டார்கள். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஒழுங்கையில் ஓடிய ஒருவரைச் சுட்டுவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அந்தக் கிழமை போதகர் ஐயா எங்கள் இருவரையும் அழைத்து ஒரு ஏற்பாடு செய்தார். செயலாளரின் கதிரை வலது பக்கத்து யன்னலடியில் இருந்தது. அங்கே நின்றால் தெருவும் தெரியும், சவுக்கு மரங்களுக்கு அப்பால் கடலும் தெரியும். பாடும்போது நான் யன்னலால் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே ஆட்கள் ஓடினால் அது சுற்றிவளைப்பு, ஓடுகிறவனுக்குத்தான் ஆபத்து. பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும், அக்கா பாட்டைத் தொடர்வார். வெடிச் சத்தமோ வேறு ஆபத்தோ என்றால் புத்தகத்தை யன்னல் கட்டின் மேல் வைத்துவிட வேண்டும். அக்கா அந்த இடத்திலேயே நிறுத்துவார், எல்லாரும் நிலத்தில் படுக்க வேண்டும் அல்லது பின் கதவால் வெளியேற வேண்டும்.

"சனத்துக்குச் சொல்ல வேணாம். சொன்னா எல்லாரும் பாட்ட விட்டுப்போட்டுச் சேரையே பாத்துக்கொண்டு நிப்பாங்க" என்றார் போதகர்.

அக்காவுக்கு அது லேசான சம்மதமாக இருந்திருக்காது. பாட்டை நடுவில் நிறுத்த ஒத்துக்கொண்டது அவர் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். என்னைப் பார்த்து, "நான் சனத்தப் பாத்துக்கொண்டு வாசிக்க ஏலா. வெளிய பாக்கிறது நீங்க. நீங்க நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுவன்" என்றார். எனக்குள் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. அதன் பிறகு வந்த வருஷங்களில் இரண்டு மூன்று தடவை புத்தகத்தை வைத்திருக்கிறேன். ஓர்கன் அந்தக் கணமே நின்றது. எல்லாரும் படுத்தோம், எழுந்தோம், வீட்டுக்குப் போனோம்.

நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு, அடுத்த நாள் ஞாயிறாக வந்த அந்த வருஷத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

யுத்த நிறுத்தம் என்று பெயர் இருந்த காலம் அது. ஆனாலும் சண்டைக்குப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போவது நிற்கவில்லை, ஆட்கள் காணாமல் போவதும் நிற்கவில்லை. அக்கா அந்த நத்தாருக்கு நாலு குரலில் ஒரு பாட்டைப் பழக்கியிருந்தார். பல வருஷமாக அவர் முயன்று சரிவராத பாட்டு. இந்த முறை பெண் குரலுக்கு ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையைச் சேர்த்திருந்தார். அந்தக் குரலைப் பற்றி அக்கா ஒன்றும் புகழ்ந்து சொல்லவில்லை, ஆனால் பயிற்சியில் அவளை மட்டும் ஏசமாட்டார். அது எங்களுக்குப் போதுமான சான்றிதழ். பிள்ளையின் தாய் அந்த ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. காய்ச்சலோடு வாவிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டில் இருந்தார். பிள்ளை நத்தார்ச் சட்டையோடு தனியாக வந்திருந்தாள்.

நத்தார் அன்று பாடியபோது பாட்டுச் சரிவரவில்லை. அதனால் மறுநாளும் பாட வைத்தார்.

முதல் சரணத்தில் வெளியே ஒரு இரைச்சல் கேட்டது. லொறி வருகிறது போல இருந்தது. யன்னலால் பார்த்தேன். தெருவில் ஆட்கள் ஓடினார்கள். ஒரு மனிதன் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். பெண்கள் கத்தினார்கள், என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை. மறுபடியும் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். வெடிச் சத்தம் இல்லை, ஆட்கள் ஓடுகிறார்கள். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். அக்கா திரும்பிப் பார்த்தார். நான் புத்தகத்தை வழக்கத்தை விடக் கொஞ்சம் உயர்த்தியே பிடித்தேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு இரண்டாம் சரணத்துக்குப் போனார். வாங்குகளில் ஒருவரும் அசையவில்லை. எங்கள் சனம் அப்படிப் பழகியிருந்தது.

பிறகு சவுக்கு மரங்களைப் பார்த்தேன். அவற்றின் பாதி உயரத்துக்குக் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. அது நகர்ந்தது. அது என்ன என்று எனக்கு ஒரு பெயரும் தெரியாது, அந்தச் சொல்லை நாங்கள் யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் தண்ணீர் என்று கண்டுகொண்டேன். அதை மறைக்க முடியாது. கண்டுகொண்டேன்.

எங்கள் யன்னல்களுக்குக் கம்பி இல்லை. புத்தகத்தை வைக்க வேண்டிய கட்டின் மேல் காலை வைத்து வெளியே குதித்தேன். அடுத்த வளவு பள்ளிக்கூடம். அதற்கு வெளிப்பக்கமாக ஒரு மாடிப்படி உண்டு. ஓடி ஏறினேன். மேலே ஏறித் திரும்பியபோதும் பாட்டுக் கேட்டது. நாலு குரலும் கேட்டது. அதன் பிறகு கேட்கவில்லை.

போதகர் ஐயா தண்ணீரோடு போனார். பாடகர் குழுவில் பாதிப்பேர் போனார்கள். அந்தப் பிள்ளையை மூன்றாம் நாள் வாவியின் கண்டல் பற்றைக்குள் எடுத்தார்கள். அக்கா ஓர்கனின் பின்பலகையைப் பிடித்தபடி வாவிக்குள் அடித்துச் செல்லப்பட்டிருக்கிறார். தோணிக்காரர்கள் இழுத்து எடுத்தார்கள். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது, அந்தக் கை பிறகு முழுதாக விரியவில்லை.

வாவிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு முகாம். ஒரு வகுப்பறையில் நாங்கள் எல்லாரும் இருந்தபோதுதான் அந்தத் தாய் எழுந்தார்.

"எல்லாரும் ஓடக்குள்ள நீ பாட்டுப் படிச்சுக்கொண்டிருந்தியாமே. உண்ட சுருதி எண்ட புள்ளயத் திண்டு போட்டுதடி."

அக்கா தூளிக் கட்டுப் போட்ட கையோடு ஒரு பிள்ளைகளின் வாங்கில் இருந்தார். தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். கோயிலில் பார்ப்பதைப் போலவே பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பார்வையைத் தாயிடம் திருப்பினார்.

"ஓம். நான் நிப்பாட்டல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உடனே நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இத்தனை நாளும் யோசித்திருக்கிறேன். யாராவது அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம். நான் பேசினேன். சங்கீதம் வேறு ஆராதனை வேறு என்றேன். நாங்கள் தேவனை விட்டுவிட்டுச் சுருதியைக் கும்பிட்டோம், அலங்காரத்தைக் கும்பிட்டோம், இனி உடைந்த உள்ளத்தோடு அவரிடம் போவோம் என்றேன். கண்ணீர் வந்தது. உண்மையான கண்ணீர்தான், நான் பயந்துபோயிருந்தேன். தாய் என் காலடியில் விழுந்து அழுதார். வகுப்பறை முழுக்க அழுதது. அக்கா மட்டும் அழவில்லை. அதையும் சனம் அவருக்கு எதிராகவே எடுத்துக்கொண்டது.

தகரக் கொட்டிலில் கோயில் மறுபடி தொடங்கியபோது ஆராதனையை நானே நடத்தினேன். நிவாரணத்துக்கு வந்தவர்கள் ஒரு கீபோட் தந்தார்கள். அதை ஒருவர் மெதுவாக வாசித்துக்கொண்டிருக்க, நான் ஜெபிப்பேன், சனம் அழும். பாட்டுகள் கடைசிச் சரணத்தில் முடியவில்லை, அழுகை வந்த இடத்தில் முடிந்தன. வெளியூர்களிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். இங்கேதான் உண்மையான ஆராதனை நடக்கிறது என்றார்கள்.

அக்கா வாவியின் மேற்குக் கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம், அண்ணன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வரமாட்டார் என்று நினைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் தோணியில் வாவியைக் கடந்து வந்தார். கடைசி வாங்கில் இருப்பார், பாடமாட்டார். பாட்டுகளுக்குப் பின் சாட்சி நேரம் வரும். யாரும் எழுந்து தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லலாம். அந்த நேரம் அவர் நிமிர்ந்து இருப்பார். நான் மைக்கைப் பிடித்தபடி, அவர் எழும்பக்கூடாது எழும்பக்கூடாது என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு நிற்பேன். சாட்சி நேரம் முடிந்ததும் அவர் எழுந்து போய்விடுவார். பிரசங்கத்துக்கு நிற்கமாட்டார்.

இரண்டு வருஷம் போயிருக்கும், அந்தக் கரையில் செல் குண்டுகள் விழத் தொடங்கின. சில மாதம் அவர் வரவில்லை. அந்த மாதங்களில் நான் நன்றாக நித்திரை கொண்டேன். ஒரு நாள் ஒருவர், "அக்காட பக்கம் நேத்து நல்லா விழுந்ததாம்" என்றார். அந்த நொடியில் என் மனதில் வந்ததை எழுதத்தான் வேண்டும். அவர் இனி வராமலே இருந்தால் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அன்றைக்கு அவருக்காக நீண்ட ஜெபம் செய்தேன். சனம் அழுதது.

அவர் திரும்பி வந்தார். அதே வாங்கு.

யுத்தம் முடிந்தது என்று சொன்ன நாளில் பட்டணத்தில் பட்டாசு கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். எங்கள் சபையில் பலருக்குக் கடைசிச் சண்டை நடந்த வன்னியில் சொந்தங்கள். யார் இருக்கிறார், யார் இல்லை என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் பயம். அந்தக் கிழமை ஒரு இராணுவ அதிகாரி வந்தார். நன்றி ஆராதனை வைக்க வேண்டும், தானும் வருவேன் என்றார். அரைகுறைத் தமிழில், "பாட்டு நல்லா பாடு. அழ வேண்டாம். அழுறது ஏன்?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

என் ஆராதனை அழுகையில்தான் முடியும், சனத்தை அப்படித்தான் பழக்கி வைத்திருந்தேன். யாராவது ஒரு பெயரைச் சொல்லிக் கத்திவிட்டால் அந்த வீட்டுக்கு இரவில் யார் வருவார்கள் என்று சொல்ல முடியாது. அன்று பின்னேரமே தோணி ஏறி அந்தக் கரைக்குப் போனேன்.

அக்கா முற்றத்தில் சாக்கில் நெல் காயப் போட்டுக் கோழி விரட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உங்களுக்கு அழாம ஆராதன நடத்தத் தெரியாதோ சேர்?"

"தெரியா அக்கா."

"அப்ப சனத்திட வாய்க்குப் பூட்டுத் தேடி வந்திருக்கிறீங்க." கோழியைப் பார்த்து ஒரு கல் எறிந்தார். "சரி. வாறன். ஒரு கையாலதான் வாசிப்பன். அழுறதுக்கு இடம் விடாம ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் பாடினாச் சனம் தாங்கும்."

அப்போது போயிருக்கலாம். போகவில்லை. "அக்கா, அண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

"அண்டைக்கு முதல் சரணத்துல பாத்தன், புத்தகத்தோட நிண்டீங்க. ரெண்டாம் சரணம் முடியக்குள்ள பாத்தன், யன்னல்தான் இருந்திச்சு."

நான் குந்திவிட்டேன். "கண்டீங்களா? கண்டும் ஏன் நிப்பாட்டல்ல?"

அவர் நெல்லைக் கையால் துழாவினார். "அந்த நாலு குரலும் அண்டைக்குத்தான் சேந்து வந்திச்சு. அந்தப் புள்ள மேல பிடிச்ச பிடி விலகவே இல்ல. ஏதோ நடக்குதெண்டு தெரிஞ்சிச்சு. இன்னும் ஒரு சரணம்தானே எண்டு வாசிச்சன்." பிறகு சொன்னார்: "அது எண்ட பங்கு. அத முகாமிலேயே எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டன்."

"என்னப் பத்தி ஏன் சொல்லல்ல?"

"உங்கட பங்க நான் எப்பிடிச் சொல்லுற? அது உங்கட வாயாலதானே வரவேணும்."

"பிறகு ஏன் ஒவ்வொரு கிழமையும் வந்து இருந்தீங்க?"

"இண்டைக்குச் சொல்லுவார் எண்டுதான்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நன்றி ஆராதனை நடந்தது. அவர் ஒரு கையால் கீபோட் வாசித்தார். ஒரு பாட்டு முடியும் முன்னே அடுத்ததன் சுருதி வந்துவிட்டது. பெண்கள் உதட்டைக் கடித்துக் கடித்துப் பாடினார்கள், ஒருவரும் உடையவில்லை. அதிகாரி கைதட்டிவிட்டுப் போனார். அவருடைய வாகனம் மறைந்த பிறகுதான் ஒரு மூதாட்டி தரையில் சரிந்தார். அன்றைக்கு அந்தச் சனத்தைக் காத்தது என் உருக்கம் அல்ல. நான் அவமதித்த அந்த ஒழுங்குதான்.

சில கிழமை கழித்து, சாட்சி நேரத்தில் மைக்கை எடுத்து நானே சொன்னேன். ஏற்பாட்டைச் சொன்னேன், புத்தகத்தைச் சொன்னேன், தண்ணீரைக் கண்டதையும் குதித்ததையும் சொன்னேன். முதலில் குரல் நடுங்கியது. பிறகு அது தானாகவே தன் பாதையைப் பிடித்துக்கொண்டது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தாழ்த்த வேண்டும் என்று என் தொண்டைக்குத் தெரிந்திருந்தது. கீபோட்காரர் பின்னால் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். சனம் அழுதது. "கர்த்தர் சேர உடைச்சிருக்கிறார்" என்று யாரோ கத்தினார். வந்து கட்டிப் பிடித்தார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஒருவரும் அக்காவிடம் போகவும் இல்லை. நல்ல சாட்சி ஒன்று கேட்ட திருப்தியோடு கலைந்தார்கள்.

அக்கா அன்று சாட்சி நேரத்தோடு எழுந்து போகவில்லை. வாசலில் எனக்காக நின்றார்.

"நல்லாச் சொன்னீங்க சேர். சுருதி சுத்தம்."

நான் தலை குனிந்தேன்.

"அந்தப் புள்ளட தாய் இண்டைக்கு வரல்ல. தெரியுமா?"

"தெரியும்." தாயின் தங்கச்சி பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் இருந்தார். வரமாட்டேன் என்று தாய் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

"தெரிஞ்சுதான் இண்டைக்குச் சொன்னீங்க" என்றார் அக்கா. செருப்பைப் போட்டுக்கொண்டு தோணித்துறைப் பக்கம் நடந்தார்.

நான் அங்கிருந்து நேரே அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். இழந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடு. பின்னால் கிடுகால் மறைத்த குசினி. அடுப்பில் சோற்றுப் பானை. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சேர். கோயில் முடிஞ்சுதா? இருங்க, தேத்தண்ணி போடுறன்."

"வேணாம் தங்கச்சி. ஒண்டு சொல்ல வேணும்."

மைக் இல்லை. கீபோட் இல்லை. சொல்வதற்கு என்னிடம் ஒரு வசனமும் இருக்கவில்லை. "அண்டைக்குப் பாட்ட நிப்பாட்டச் சொல்ல வேண்டியவன் நான். யன்னலால பாத்துச் சொல்லுறது எண்ட வேல. சொல்லாமக் குதிச்சு ஓடிட்டன்."

அவர் வெங்காயத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"தண்ணியக் கண்டீங்களா?"

"கண்டன்."

"எங்க ஓடினீங்க?"

"பள்ளிக்கூட மாடிப்படிக்கு."

"தண்ணி வரமுந்தி ஏறிட்டீங்களா?"

"ஏறிட்டன்."

அவர் மனதுக்குள் அந்த இடத்தை நடந்து பார்ப்பது எனக்குத் தெரிந்தது. வாங்கிலிருந்து கதவு, கதவிலிருந்து மதில், மதிலிலிருந்து படி. பிறகு என்னைப் பார்த்தார். என் நரைத்த தலையையும் காலையும் பார்த்தார்.

"அப்பவே அறுபது வயசு உங்களுக்கு" என்றார். "அவளுக்குப் பதின்மூண்டு."

கத்தியை வைத்தார். கையைக் கழுவினார், சேலையில் துடைத்தார்.

"அக்காட தோணி போயிட்டா?"

"இல்ல. பின்னேரம்தான் போகும். துறையில இருப்பா."

"ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிற சோறு இது. பொங்கினா மூடிய விலத்துங்க. அடிப்பிடிக்க விடாதீங்க" என்றுவிட்டு வேலிப்படலையைத் திறந்தபடியே விட்டு நடந்தார். நடை இரண்டு மூன்று அடியிலேயே ஓட்டமானது.

எனக்குச் சோறு சமைக்கத் தெரியாது. அடுப்படியில் குந்தினேன். கொஞ்ச நேரத்தில் பானை பொங்கியது. மூடியைக் கையால் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். விறகை எவ்வளவு வெளியே இழுப்பது என்று தெரியவில்லை. நெருப்பு அணைந்துவிடுமோ என்று பயம், அடிப்பிடித்துவிடுமோ என்றும் பயம். துறைப் பக்கம் காது கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து வந்தால் என் முகத்தை எங்கே வைப்பேன் என்று நினைத்தேன். படலை திறந்து கிடந்தது. எழுந்து போய்விடலாம், யாரும் காணமாட்டார்கள். சோறு வெந்த மணம் வந்தது. இரண்டு துணியால் பிடித்துப் பானையை இறக்கி வைத்தேன். அவர் இன்னும் வரவில்லை. ஒரு காகம் கூரையில் வந்து இருந்தது. அது பானையில் வாய் வைத்துவிடாமல் பார்த்துக்கொண்டு, அங்கேயே இருந்தேன்.